பெயரை மாற்றிக்கொண்டு கடல் கடந்த உழவர்: நேட்டாலுக்குப் போன முன்னோரை அவர் ஊர்வரை தேடிச்செல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் முதல் முன்னோரைப் பற்றி எஞ்சியிருப்பது ஒரே ஒரு வரிதான்: "ஆற்காட்டுப் பக்கம் பயிர் வைத்துக்கொண்டிருந்தார், கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தார்." ஊர் தெரியாது. எந்த ஆண்டு என்று தெரியாது. குடும்பம் இன்று சுமக்கும் பெயராவது அவருடையதா என்றால், பெரும்பாலும் அதுவும் இல்லை. தேடத் தொடங்குகிறவர்கள் முதல் வேலையாக இன்றைய குடும்பப் பெயரை ஒரு தேடுபொறியில் இட்டுப் பார்க்கிறார்கள். கோவெண்டர் என்று ஆயிரம் பேர் வருவார்கள், அல்லது ஒருவரும் வரமாட்டார். பாதிப் பேர் அன்றோடு விட்டுவிடுகிறார்கள்.

என் கருத்து இதுதான்: இந்தத் தேடலில் பெயரைக் கடைசி வரிசையில் உட்கார வைக்க வேண்டும். மனிதர் பெயரை மாற்றிக்கொண்டிருக்கலாம், எழுத்தர் மாற்றியிருக்கலாம், பேரப்பிள்ளைகள் மாற்றியிருக்கலாம். ஆனால் அவருக்குக் கொடுக்கப்பட்ட எண், அவருடைய தகப்பன் பெயர், உடன் கப்பலேறியவர்கள், விட்டுவந்த ஊரின் நிலக்கணக்கு ஆகியவை அவ்வளவு எளிதில் மாறவில்லை. அவற்றை வைத்து எப்படிப் பின்னோக்கி நடப்பது என்பதைக் கீழே சொல்கிறேன்.

தேடும் முன் மனதில் இருக்க வேண்டிய ஆண்டுகள்

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலுக்கு, அதாவது டர்பனைத் துறைமுகமாகக் கொண்ட அன்றைய பிரிட்டிஷ் காலனிக்கு, கொண்டுவந்த முதல் கப்பல் அது. 1911 வரை இப்படி வந்தவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். மற்றவர்கள் கல்கத்தா வழியாக. இடையில் 1866 முதல் 1874 வரை கப்பல்கள் வரவில்லை. முதற்கட்டத்தில் வந்தவர்கள் 6,445 பேர் மட்டுமே. இந்த எண்ணிக்கை பின்னால் உதவும்.

ஒப்பந்தம் ஐந்தாண்டு. பத்தாண்டுகள் காலனியில் இருந்தால் ஊர் திரும்ப இலவசக் கப்பல். தொடக்கத்தில் அந்தப் பயணத்துக்குப் பதிலாக அரசு நிலம் பெற்றுக்கொள்ளும் வழியும் இருந்தது. மிகச் சிலருக்கே கிடைத்தது. ஒப்பந்தம் முடித்தவர்கள் பலர் குத்தகை நிலத்தில் காய்கறி பயிரிட்டார்கள், சிலர் வடகடற்கரைப் பக்கம் சொந்தமாகக் கரும்பு போட்டார்கள். உழவராக வந்தவர் உழவராகவே தொடர்ந்த குடும்பங்கள் பல உண்டு. அவர்களைத் தேடுவது ஓரளவு எளிது, ஏனென்றால் நிலம் காகிதத்தை விட்டுச்செல்லும்.

முதல் படி: உறுதியாகத் தெரிந்த கடைசி மனிதரிடமிருந்து தொடங்குங்கள்

கப்பலேறியவரிடமிருந்து தொடங்கக் கூடாது. உங்கள் தாத்தா, அவருடைய அப்பா என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு காகிதமாவது கையில் இருக்க வேண்டும். வீட்டில் பழைய தகரப் பெட்டி இருந்தால் முதலில் அதைத் திறங்கள். ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுதலைச் சீட்டு, 3 பவுன் வரி கட்டிய ரசீது, திருமணப் பதிவுத் தாள், நிலக் குத்தகைத் தாள் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் அதில் ஓர் எண் இருக்க வாய்ப்புண்டு. அந்த 3 பவுன் வரி 1895ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இருந்தவர்களிடம் ஆண்டுதோறும் வசூலிக்கப்பட்டு 1914இல்தான் ஒழிந்தது. அன்றைக்கு மக்கள் வெறுத்த அந்த ரசீது இன்று வாரிசுகளுக்குப் பெரிய துணை.

பெட்டி காலியாக இருந்தால் இறந்தவர்களின் சொத்துக் கோப்புக்குப் போங்கள். தென்னாப்பிரிக்காவில் ஒருவர் சொத்து விட்டு இறந்தால், இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் மாஸ்டர் அலுவலகத்தில் அவர் பெயரில் ஒரு கோப்பு திறக்கப்படும். அதில் இறப்பு அறிவிப்பு என்று ஒரு படிவம் இருக்கும்: பெயர், பிறந்த இடம், பெற்றோர் பெயர், வயது, மனைவி, பிள்ளைகள், விட்டுச்சென்ற சொத்து. பிறந்த இடம் என்ற கட்டத்தில் "இந்தியா" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அதற்காக மனம் தளர வேண்டாம். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல்தான் நமக்கு வேண்டியது, அதுவும் மூத்தவர் முதல் வரிசையாக. தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் நேர்ஸ் என்னும் இணையக் குறிப்பேட்டில் இந்தக் கோப்புகளின் எண்கள் கிடைக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோப்புகளில் கணிசமானவற்றின் படங்களை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். முனுசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் பத்து விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒரே கோப்புக்குள்ளேயே மூன்று விதம் இருக்கும்.

இரண்டாம் படி: காலனி எண்

நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஓர் எண் கொடுத்தார்கள். இந்த எண் ஒன்றிலிருந்து தொடங்கிக் கடைசிக் கப்பல் வரை தொடர்ச்சியாக ஓடுகிறது. மனிதர் இறக்கும்வரை அது அவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்துப் பேரேடு, மருத்துவமனைக் குறிப்பு, பாஸ், திருமணப் பதிவு, பிள்ளையின் பிறப்புப் பதிவு என்று அதிகாரி ஒருவர் அவரைப் பற்றி எழுத நேர்ந்த இடங்களில் எல்லாம் பெயர் எப்படித் திரிந்தாலும் எண் திரிவதில்லை. மனிதரை எண்ணாக்கிய கொடுமை அது. வாரிசுகளுக்கு நன்மையாக முடிந்திருக்கிறது என்பதற்காக அதைக் கொடுமை அல்ல என்று சொல்லிவிட முடியாது.

எண்ணைப் பார்த்தவுடன் ஒரு கணக்குப் போடலாம். 6,445க்குள் இருந்தால் அவர் 1860க்கும் 1866க்கும் இடையில் வந்தவர். அதற்கு மேல் என்றால் 1874க்குப் பிறகு. எண்கள் கப்பல்வாரியாக வருவதால், உறுதியாகத் தெரிந்த பக்கத்து எண்களோடு ஒப்பிட்டால் ஆண்டையும் கப்பலையும் மிக நெருங்கிவிடலாம். குடும்பமாக வந்திருந்தால் கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்கு அடுத்தடுத்த எண்கள் இருக்கும். ஆகவே உங்கள் எண் கிடைத்ததும், அதற்கு முன்னால் இருபது, பின்னால் இருபது எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. செய்தவர்களுக்குத்தான் தம்பியும் மச்சானும் கிடைக்கிறார்கள்.

மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இவ்வகைத் தேடலில் பழக்கப்பட்ட இடம். கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றிய வடிவமும் இருக்கிறது. அதில் உங்கள் ஆளைக் கண்டுபிடித்தாலும் மூலப் பக்கத்தின் படத்தைப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தவர்களுக்கு வாலாஜாபேட்டையும் வந்தவாசியும் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

எண் கிடைக்காதபோது: மூத்த மகனின் பெயரைப் பிடியுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டு உழவர் குடும்பங்களில் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை வைப்பது பெருவழக்கு. அடுத்த மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர் போகும். கடல் கடந்தவர்கள் தம் பெயரைத் தொலைத்தாலும் இந்த வழக்கத்தை முதல் தலைமுறையில் எளிதில் தொலைக்கவில்லை. அங்கே பிறந்த மூத்த மகனின் பெயர், கப்பலேறியவரின் தகப்பன் பெயராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர் என்று தனியாக ஒரு கட்டமே இருக்கிறது.

ஓர் உதாரணம் கற்பனை செய்துகொள்வோம். குடும்பத்தில் முதல் மனிதர் பெயர் முனுசாமி என்கிறார்கள். பட்டியலில் முனுசாமிகள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். சொத்துக் கோப்பில் அவருடைய மூத்த மகன் பெயர் வரதன், இரண்டாம் மகன் பெயர் ஏழுமலை. இப்போது நீங்கள் தேட வேண்டியது முனுசாமியை மட்டும் அல்ல. "தகப்பன் பெயர் வரதன்" என்று உள்ள அத்தனை ஆண்களையும் பட்டியலிடுங்கள், அவர்களுடைய பெயர் எதுவாக இருந்தாலும் சரி. கூடவே, "தகப்பன் பெயர் ஏழுமலை" என்று ஒரு பெண் அதே கப்பலில் அல்லது அடுத்த கப்பல்களில் இருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டும் பொருந்தி, வயதும் முதல் வேலைக்கு அனுப்பப்பட்ட தோட்டமும் ஒத்துப்போனால், அந்த மனிதர் பட்டியலில் கந்தன் என்று இருந்தாலும் அவரைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்த முறையில் ஒரு பொறி உண்டு. பிள்ளை இறந்து பிறந்தாலோ சிறு வயதில் இறந்தாலோ, பாட்டன் பெயர் அடுத்த மகனுக்குப் போயிருக்கும். வேண்டுதல் இருந்தால் குலதெய்வத்தின் பெயர் முந்திக்கொள்ளும். அதனால் முதல் மூன்று மகன்களின் பெயர்களையும் சோதித்துப் பாருங்கள்.

மனைவியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கப்பலிலும் ஆண்களுக்கு இத்தனை விகிதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால், கப்பலுக்குக் காத்திருப்போர் தங்கவைக்கப்பட்ட சென்னை டிப்போவிலேயே ஜோடி சேர்ந்து கணவன் மனைவியாகப் பதிந்தவர்கள் உண்டு. எனவே கணவனும் மனைவியும் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே சாதியினர் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டாம். மனைவியின் ஊர் தனி ஊர். அதையும் தனியாகத் தேடுங்கள். பாட்டிமார்களின் வழியைத் தேடாமல் விடுகிறவர்கள் பாதிக் குடும்பத்தை விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாம் படி: பட்டியலின் ஒரு வரியைப் படிப்பது

ஒரு வரியில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆண்/பெண், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம், கப்பல், வந்த தேதி, முதலாளி ஆகியவை இருக்கும். சிலவற்றில் ஊர் திரும்பியது அல்லது இறந்தது பற்றிய குறிப்பும் இருக்கும். அந்தக் கடைசிக் குறிப்பை முதலில் படியுங்கள். 1890இல் ஊர் திரும்பிவிட்ட ஒருவர் 1905இல் பிறந்த உங்கள் தாத்தாவின் அப்பாவாக இருக்க முடியாது. ஆனால் திரும்பிப்போய் மறுபடியும் ஒப்பந்தம் எழுதி வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டாவது எண் இருக்கும், சில வேளை இரண்டாவது பெயரும்.

வயதை நம்பாதீர்கள். எழுத்தர் முகத்தைப் பார்த்து எழுதியது அது. ஐந்தாண்டு முன்பின் விட்டுப் பாருங்கள். உடல் அடையாளக் கட்டத்தில் தழும்பு, மச்சம் என்று இருக்கும். வீட்டில் யாருக்காவது "தாத்தாவுக்குக் காலில் பெரிய தழும்பு" என்று நினைவிருந்தால் அதற்கு நிகரான சாட்சி வேறு இல்லை.

சாதிக் கட்டம் பற்றி நேராகப் பேசிவிடலாம். சொன்னதைத் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) கேட்டு, எழுத்தர் தமக்குத் தெரிந்த சொல்லில் எழுதியது அது. வன்னியர், வெள்ளாளர், பறையர், கவரை, ரெட்டி என்று வரும். அந்தக் காலத்து அதிகாரிகள் புழங்கிய இழிசொற்களிலும் வரும். பல குடும்பங்களில் இன்று சொல்லப்படும் பட்டமும் அந்தக் கட்டத்தில் உள்ள சொல்லும் ஒத்துவராது. கடல் கடந்த ஊரில் ஒரு மனிதர் தமக்குப் பிடித்த பட்டத்தைச் சூட்டிக்கொண்டார் என்றால், ஊரில் அவரைத் தெருவுக்கு வெளியே நிறுத்தியவர்களைத்தான் நான் குறை சொல்வேன், அவரை அல்ல. ஆனால் தேடுகிறவர் உண்மையை மறைத்துக்கொண்டு தேடினால் வேறொருவரின் ஊரில்தான் போய் நிற்பார்.

பெயர் மாறிய வழிகள்

மிகச் சாதாரண மாற்றம், தகப்பன் பெயர் குடும்பப் பெயராக உறைந்துபோனது. நம் ஊரில் அது ஒரு தலைமுறைக்குப் பிறகு விலகிவிடும். அங்கே பள்ளிக்கூடமும் பதிவு அலுவலகமும் குடும்பப் பெயர் கேட்டதால் நின்றுவிட்டது. அதனால் அண்ணன் தம்பி இருவரின் வாரிசுகள் இன்று வெவ்வேறு குடும்பப் பெயர்களோடு இருக்கலாம். ஒருவர் தகப்பன் பெயரைக் கொடுத்தார், மற்றவர் தம் பெயரைக் கொடுத்தார், அவ்வளவுதான் கதை.

அடுத்தது பட்டம். கவுண்டர் கோவெண்டர் ஆனது, முதலி மூட்லி ஆனது, படையாட்சி படயாச்சி ஆனது. நாயுடு, பிள்ளை, ரெட்டி, செட்டி, நாயக்கர் ஆகியவையும் அங்கே குடும்பப் பெயர்கள்தாம். பட்டியலில் இந்தப் பட்டங்கள் பெயரோடு சேர்ந்து வருவது குறைவு. ஒப்பந்தம் முடிந்து, நிலம் எடுத்து, ஊர்க்கூட்டத்திலும் கோயிலிலும் ஒரு நிலை வந்த பிறகு ஒட்டிக்கொண்டவை பல. ஆகவே "கோவெண்டர்" என்று பட்டியலில் தேடுவது பெரும்பாலும் வீண்வேலை.

மூன்றாவது, ஞானஸ்நானம். டர்பனில் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் சபைகள் இந்தியர்களிடையே 19ஆம் நூற்றாண்டிலேயே வேலை செய்தன. பதிவேட்டில் புதுப் பெயரோடு பழைய பெயரும் காலனி எண்ணும் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உங்கள் வேலை மிச்சம். இல்லையென்றால் ஞானப்பெற்றோர் யார், திருமணச் சாட்சிகள் யார் என்று குறித்துக்கொண்டு அவர்களுடைய எண்களைத் தேடுங்கள். அவர்கள் ஒரே கப்பலில் வந்தவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசி வகை, தெரிந்தே மாற்றியது. வீட்டார் தேடி வரக்கூடாது என்று டிப்போவில் வேறு பெயர் சொன்னவர், தோட்டத்தைவிட்டு ஓடி வேறொரு மாவட்டத்தில் புதுப் பெயரோடு வேலைக்குச் சேர்ந்தவர். இவர்களைப் பிடிப்பது கடினம்தான். ஓடியவரைப் பற்றிப் புகார் கொடுத்த முதலாளியின் கடிதம், இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரியின் அலுவலகக் கோப்புகளில் இருக்கலாம். பிடிபட்டால் அவருடைய எண்ணை அங்கே எழுதியிருப்பார்கள். பிடிபடவே இல்லை என்றால் அவர் புதிதாகச் சேர்ந்த இடத்தில் யாரோடு பழகினார், யார் வீட்டில் பெண் எடுத்தார் என்பதிலிருந்துதான் பின்னோக்கிப் போக வேண்டும். ஓடியவர்களும் தெரிந்தவர்கள் இருக்கும் இடத்தை நோக்கித்தான் ஓடியிருப்பார்கள்.

மரபணுச் சோதனை பற்றிக் கேட்பார்கள். செய்யலாம். ஆனால் அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள்ளேயே மணம் செய்த சமூகம் நம்முடையது. அதனால் சோதனை நிறுவனம் "மூன்றாம் தலைமுறை உறவு" என்று காட்டுபவர் உண்மையில் இன்னும் தொலைவில் உள்ளவராக இருப்பார். காகிதத்தோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

நான்காம் படி: ஊரை வரைபடத்தில் நிறுத்துவது

பட்டியலில் ஜில்லா "நார்த் ஆற்காடு", தாலுகா "வாண்டிவாஷ்", கிராமம் ஏதோ ஒரு சிதைந்த சொல். வாண்டிவாஷ் வந்தவாசி. கான்ஜீவரம் காஞ்சிபுரம். சிங்கிள்புட் செங்கல்பட்டு. டிரிச்சினாபோலி திருச்சிராப்பள்ளி. இதுவரை எளிது. கிராமப் பெயருக்குச் செய்ய வேண்டியது, அந்தத் தாலுகாவின் வருவாய்க் கிராமங்கள் அனைத்தின் பட்டியலையும் எடுத்து, சிதைந்த சொல்லை வாய்விட்டுப் பல விதமாகச் சொல்லிப் பார்த்துப் பொருத்துவது. ழகரம் எல், ஆர், இசட் என எந்த எழுத்தாகவும் வரும். "பாக்கம்", "பட்டு", "நல்லூர்", "குப்பம்" போன்ற ஈறுகள் கொஞ்சம் தப்பிப் பிழைக்கும், முன்பாதிதான் நொறுங்கியிருக்கும். ஆகவே ஈற்றிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். புதூர், புதுப்பாளையம் போன்ற பெயர் என்றால் ஒரே தாலுகாவில் பல இருக்கும். அங்கேதான் அந்த இருபது முன்பின் எண்கள் உதவும். பக்கத்து எண்காரர்களின் ஊர்களையும் வரைபடத்தில் குறித்தால் எந்தப் புதூர் என்று பெரும்பாலும் தெளிந்துவிடும், ஏனென்றால் ஆள்கட்டி ஒருவன் ஒரு சுற்று வட்டாரத்தில்தான் ஆள் திரட்டியிருப்பான்.

எல்லைகள் மாறியதை மறக்கக் கூடாது. அன்றைய வட ஆற்காடு ஜில்லாவில் சித்தூரும் இருந்தது. 1911இல்தான் சித்தூர் தனி மாவட்டம் ஆனது. ஆகவே ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம். மிச்சம் இருந்த வட ஆற்காடு 1989இல் வேலூர்ப் பகுதியாகவும் திருவண்ணாமலைப் பகுதியாகவும் பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனியாயின. தென் ஆற்காடு 1993இல் விழுப்புரம், கடலூர் என்று ஆனது, கள்ளக்குறிச்சி 2019இல். செங்கல்பட்டு ஜில்லா 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்து, செங்கல்பட்டு 2019இல் மீண்டும் மாவட்டமாக வந்தது. இந்த விவரம் தெரியாமல் இன்றைய வேலூர் மாவட்டத்துக்குள் மட்டும் தேடினால் ஊர் கிடைக்காது.

பட்டியலில் உள்ள ஊர் பிறந்த ஊர்தானா என்ற ஐயமும் இருக்கட்டும். 1876–78 பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் சாலையோரப் பட்டணங்களில் தங்கி, அங்கிருந்து பதிவு செய்துகொண்டதும் உண்டு. பட்டியலில் தாலுகாத் தலைநகரின் பெயரே கிராமமாகவும் எழுதப்பட்டிருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: நிலக்கணக்கு

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். 1871 முதல் எடுத்தார்கள், ஆனால் வீட்டுவாரியான தாள்களைப் பாதுகாக்கவில்லை. பிறப்புப் பதிவும் அந்தக் காலத்துக் கிராமங்களுக்குக் கிடைப்பது அரிது. தமிழ்நாட்டு உழவரைப் பொறுத்தவரை காகிதம் என்றால் நிலக்கணக்குதான்.

இணையத்தில் உள்ள இன்றைய 'அ' பதிவேட்டிலிருந்து (கிராமத்தின் புல எண்வாரியான நிலப் பதிவேடு) தொடங்குங்கள். அதில் பழைய புல எண் இருக்கும். 1980களில் யுடிஆர் என்ற பெயரில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள்; அந்த மாற்றத்துக்கு முந்தைய பதிவேடு அடுத்த படி. அதற்கும் முன்னால் மறுநிலவரித் திட்டப் பதிவேடு. அதற்கும் முன்னால், பெரும்பாலான மாவட்டங்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுதப்பட்ட முதல் நிலவரித் திட்டப் பதிவேடு. இந்தக் கடைசிப் பதிவேட்டில் ஊரின் ஒவ்வொரு புலத்துக்கும் பட்டாதாரர் பெயர் இருக்கும். உங்கள் ஆளின் தகப்பன் பெயர் அங்கே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இவற்றை மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கேட்க வேண்டும். ஆவணக் காப்பகத்தில் ஆய்வாளர் அனுமதி வேண்டும்; வெளிநாட்டவர் கிளம்பும் முன்பே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

ஊர் ஜமீனில் இருந்திருந்தால் வழி மாறும். கார்வேட்டிநகரம், கங்குந்தி, ஆரணி ஜாகீர் போன்ற இடங்களில் அரசு நேரடியாகக் குடியானவரிடம் வரி வாங்கவில்லை. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அங்கெல்லாம் அரசே குடியானவரிடம் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை வந்தது. 19ஆம் நூற்றாண்டுக் குடியானவர் பெயரை அங்கே அரசுப் பதிவேட்டில் எதிர்பார்க்க முடியாது. கோயில் மானியமோ பிராமண மானியமோ உள்ள ஊர் என்றால் 1860களின் இனாம் (மானிய நிலம்) பதிவேட்டைக் கேளுங்கள்.

பத்திரப் பதிவு சட்டப்படி 1864இலிருந்து வருகிறது. கப்பலேறும் முன் நிலத்தை அடகு வைத்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தின் பழைய அட்டவணையில் தடயம் இருக்கலாம். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று அவ்வளவு பின்னால் போகாது. கையால் தேட விண்ணப்பிக்க வேண்டும். பெயர்வாரி அட்டவணை ஒன்று, சொத்துவாரி அட்டவணை ஒன்று என்று இரண்டு உண்டு. புல எண் தெரிந்திருந்தால் சொத்துவாரியாகத் தேடச் சொல்லுங்கள்.

நிலக்கணக்கில் பெயர் இல்லை என்றால் அவர் அந்த ஊர்க்காரர் இல்லை என்று பொருள் அல்ல. "பயிர் வைத்துக்கொண்டிருந்தார்" என்ற குடும்ப நினைவு வாரத்துக்கு உழுதவருக்கும் பண்ணையாளுக்கும் படியாளுக்கும் பொருந்தும். பட்டா நிலமுடையவருக்கு, உழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் நிலமற்றிருந்த பறையர்களின் நிலையைப் பற்றி ஆட்சியர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான், 1892இல் அவர்களுக்கு அரசு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நிலம் என்ற ஏற்பாடே வந்தது. அப்படிப்பட்ட குடும்பம் என்றால் தேட வேண்டியது, 1892க்குப் பிறகு அந்த ஊரில் பஞ்சமி நிலம் பெற்றவர்களின் பெயர்களை. கப்பலேறியவரின் அண்ணன் தம்பி வழியினர் அங்கே இருக்கக்கூடும்.

நேட்டால் அல்லாமல் வேறு கரைக்குப் போயிருந்தால்

மொரீஷியஸ் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களில் எண்ணும் ஊரும் இருக்கும். பிற்காலத்தில் வந்தவர்களுக்குப் புகைப்படமே இருக்கும். பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருக்கும் என்பதை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். இலங்கை, மலாயா என்றால் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் திரட்டும் மேஸ்திரி) வழிப் பயணம். ஆள்வாரியான கப்பல் பட்டியல் இந்த அளவுக்கு இல்லை. அங்கே தோட்டத்துப் பேரேடுகளும் கோயில் நன்கொடைக் கல்வெட்டுகளும்தான் துணை.

ஆறாம் படி: ஊருக்குப் போவது

கையில் பட்டியல் பக்கத்தின் நகலும் அதன் தமிழாக்கமும் இருக்கட்டும். முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள், பிறகு கோயில் பூசாரியை. போன உடனே, யாரும் கேட்கும் முன்பே, "நிலம் கேட்டு வரவில்லை" என்று சொல்லிவிடுங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு போனவரின் வாரிசு என்று ஒருவர் காகிதத்தோடு வந்து நின்றால் எந்த ஊரிலும் முதலில் எழும் ஐயம் பாகப்பிரிவினைதான். அந்த ஐயம் தீரும்வரை ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடக் குலதெய்வத்தைச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் வீட்டில் எந்தத் தெய்வத்துக்குப் படையல் போட்டார்கள், ஆடியிலா பங்குனியிலா, கிடா வெட்டினார்களா, தீமிதி உண்டா என்ற விவரங்களைக் கிளம்பும் முன் மூத்தவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு போக வேண்டும். திரௌபதி அம்மனுக்குத் தீமிதிக்கும் குடும்பம் என்றால் ஆற்காட்டுப் பக்கங்களோடு அது இணங்கிப்போகும். ஆனால் நேட்டாலில் பல ஊர்க்காரர்கள் ஒரே கோயிலில் கூடியதால் பிறர் வழக்கத்தை எடுத்துக்கொண்டும் இருப்பார்கள். எனவே இது துணைச் சான்றுதான். ஒரே வருவாய்க் கிராமத்தில் ஊரும், தலித் மக்கள் வாழும் காலனியும் தனித்தனியாக இருக்கும். இரண்டு இடத்திலும் கேளுங்கள்; ஊருக்குள் மட்டும் விசாரித்துவிட்டு "யாருக்கும் தெரியவில்லை" என்று திரும்பியவர்கள் உண்டு.

யார் என்ன சொன்னார்கள் என்பதைச் சொன்னவர் பெயர், வயது, தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் "எங்கள் பாட்டனின் தம்பி கப்பலுக்குப் போனவர்தான்" என்றால் உடனே கட்டிப்பிடித்துவிடாமல், அந்தப் பாட்டனின் தகப்பன் பெயர் என்ன என்று அமைதியாகக் கேளுங்கள். கையில் உள்ள நகலில் தகப்பன் பெயர்க் கட்டத்தை அதுவரை யாருக்கும் காட்டாமல் வைத்திருங்கள். அவர் வாயிலிருந்து அதே பெயர் தானாக வந்தால், பிறகு சாவகாசமாக உட்கார்ந்து பங்காளிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கலாம்.